சாம்பிராணி காட்டிய பெட்டிசங்கள்

1979ஆம் ஆண்டு ஜனவரி இருபத்திரண்டாம் திகதி, திங்கட்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணிக்கு என் சாச்சி ஸுலைஹாவும் அவருடைய ஒரே மகள் நதீராவும் கல்முனை பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டுப் போனார்கள். சூறாவளி அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பஸ் நிலையத்தின் கூரைத் தகரங்கள் இன்னும் ஏற்றப்படவில்லை. கடற்கரைப் பக்கத்துத் தென்னைகள் ஒரே திசையில் விழுந்து கிடந்தன. நதீராவுக்கு ஒன்பது வயது, எனக்கும் ஒன்பது. அவள் கையில் ஒரு சின்ன ரங்குப் பெட்டி. சாச்சியின் கையில் ஒரு நீள உறை. உறைக்குள் நதீராவின் விடுகைப் பத்திரம் இருந்தது. பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளை விலகும்போது அதிபர் எழுதிக் கொடுக்கும் தாள் அது.

எழுதிக் கொடுத்த அதிபர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் மர்சூக்கும், வழியனுப்ப வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பெட்டி பிஸ்கட். பிஸ்கட்டை நதீராவிடம் கொடுத்துவிட்டு, அவள் தலைக்கு மேலால் பஸ்ஸின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "நல்லாப் படிச்சு வரணும் மகள், என்ன?" என்றார். நதீரா பிஸ்கட் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதைத்தது அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கதைத்தால்தான் அவளுக்கு எதுவும் தெரியும்.

சாச்சி அந்த மனிதருக்காக அன்றைக்கு துஆ செய்தார். இரண்டு கையையும் ஏந்தி, "சேர், அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல கூலி தருவான்" என்று அழுதார். பஸ் புறப்பட்டுப் போனது. அவர்கள் போன இடம் மலைநாட்டுப் பக்கம் இருந்த ஒரு விசேட பாடசாலை. செவிட்டுப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்டது. இரண்டு பஸ் மாறி ஒன்பது மணித்தியாலம் போக வேண்டும்.

அந்த துஆவை சாச்சி பிறகு திருப்பி எடுத்துக்கொண்டார். எப்படி எடுத்தார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸுலைஹா சாச்சி என் உம்மாவின் தங்கை. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு. புருஷன் இப்றாஹிம் கடலுக்குப் போய்வந்தவர். நதீராவுக்கு ஆறு வயதானபோது மவுத்தாகிவிட்டார். அதன் பிறகு சாச்சி இடியப்பம் அவித்துப் பிழைத்தார். விடிய முன் சுபஹு தொழுததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் எங்கள் தெருவெல்லாம் முடித்து, வடக்கே பாண்டிருப்பு வரை போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். கூடையைத் தூக்கும் கைகள் இரும்பு மாதிரி. நாக்கும் அப்படித்தான்.

நதீராவுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோனது. பேச்சை முழுதாகக் கொண்டுபோகவில்லை. சாச்சி அவளுடைய நாடியைப் பிடித்துத் தன் வாயைப் பார்க்கவைத்தே எல்லாச் சொல்லையும் சொல்லிக்கொடுத்தார். அவளுடைய குரல் மூக்குக்குள்ளால் வரும். எங்களுக்கு அது பழகிப் போயிருந்தது. வகுப்பில் முதல் வாங்கில், ஜன்னல் பக்கம், ஆசிரியரின் முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் அவள் இருப்பாள். பக்கத்தில் நான். இடாப்புக் கூப்பிடும்போது அவளுடைய முழங்கையைத் தொடுவேன். "வந்தேன்" என்பாள். கணக்கில் அவள் வகுப்பிலேயே மூன்றாவது. நான் அவளுடையதைப் பார்த்து எழுதி ஆறாவது.

எல்லாம் பிழையாய்ப் போனது ஒரு பரிசளிப்பு விழாவில். தொடக்கத்தில் குர்ஆன் கிராஅத் ஓதிக்கொண்டிருந்தபோது நதீரா தனக்குள் முனகிக்கொண்டிருந்தாள். முனகுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. மேடையில் இருந்த பெரிய விருந்தாளி ஒருவர் பக்கத்தில் சாய்ந்து, "ஆரு ஆட்டைக் கொண்டாந்து கட்டியிரிக்கி?" என்று கேட்டார். ஒலிவாங்கி அதை வாங்கிக்கொண்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. மர்சூக் சேரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவருடைய காது சிவந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நதீரா பக்கத்தில இருந்து சத்தம் போடுறா. ஒனக்குப் படிக்க இடைஞ்சல். அப்புடித்தானே?"

மேசையில் பிரம்பு கிடந்தது.

"ஓம் சேர்" என்றேன்.

சூறாவளி வந்தது. வடக்கு மண்டபத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு வகுப்பு ஓர் அறையில் இருக்க வேண்டி வந்தது. யாரை வெளியே விடலாம் என்று அதிபர் யோசித்த நேரத்தில் அவருக்கு நதீராவின் ஞாபகம் வந்தது. சாச்சியைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். இடியப்பம் விற்கிறவளுக்கு அதிபரின் அறையில் கதிரை.

"அரசாங்கமே இந்தப் புள்ளைகளுக்கெண்டு பள்ளிக்கூடம் கட்டி வெச்சிரிக்கி. சாப்பாடு, உடுப்பு எல்லாம் சும்மா. இஞ்ச வெச்சு என்னத்துக்குக் கெடுக்கிறீங்க?"

நதீராவின் காதை எந்த டாக்குத்தரும் பார்க்கவில்லை. எந்த வகுப்புக்கு அவள் தகுதி என்று யாரும் சோதிக்கவில்லை. சாச்சிக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் லெப்பை வீட்டில் ஓதப்போனபோது அரபு எழுத்தில் தமிழை எழுதப் பழகியிருந்தார். எங்கள் ஊரில் அந்தக் காலத்துப் பெண்கள் பலருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அதிபர் நீட்டிய தாளில், வலமிருந்து இடமாக, அரபு எழுத்தில் 'ஸுலைஹா' என்று ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

அந்த விசேட பாடசாலையில் கொடுமை எதுவும் நடக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். நன்றாகச் சாப்பாடு போட்டார்கள், தலைக்கு எண்ணெய் வைத்தார்கள், வாயசைவைப் பார்த்து விளங்கிக்கொள்ளப் பயிற்சியும் கொடுத்தார்கள். எல்லாம் சிங்களத்தில். அங்கே தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான். எட்டு மாதம் கழித்து சாச்சி பார்க்கப் போனபோது நதீரா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாளாம், எதுவும் விளங்காமல். ஐந்து வருடம் நாடியைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் போயிருந்தது. "உம்மா" என்று மட்டும் சொன்னாள். சாச்சி ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே அவளைக் கூட்டிவந்துவிட்டார்.

வந்த மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனார்.

"சேர், புள்ளையக் கொண்டாந்துட்டன். நாளைக்குப் பழைய வாங்கில இருத்துறன்."

"எப்புடி ஸுலைஹா? இடாப்பில பேர் வெட்டியாச்சே."

"வெட்டின பேனை ஒங்கட சட்டைப் பையிலதானே இரிக்கி. எடுத்துத் திரும்ப எழுதுங்க."

"அப்புடியெல்லாம் எழுத ஏலா. ஒழுங்கு ஒண்டு இரிக்கி. இடமும் இல்ல. இந்தப் புள்ளைகளுக்குப் படிப்பிக்க ஆளும் இல்ல."

"போன வருசம் ஆள் இருந்திச்சே. முகத்தக் காட்டிப் படிப்பிச்சாக்களே."

அதிபர் சேர்விடாப்பை எடுத்துத் திறந்து காட்டினார். நதீராவின் பெயருக்கு மேலால் சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசி நிரலில் ஏதோ எழுதியிருந்தது. சாச்சி என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். "வாசி. என்ன எழுதிக் கெடக்கு?"

நான் வாசித்தேன். "ஊமை."

சாச்சி அந்தச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். பிறகு, "ஊமையா? ஒங்கட பேரக் கேட்டா அவள் வாயால சொல்லுவாளே" என்றார்.

"நான் மட்டும் முடிவெடுக்கல்ல. ஒங்கட ராத்தாட மகள்தான் சொன்னா, இவள் பக்கத்தில இருந்தாப் படிக்க ஏலாதாம். கேட்டுப் பாருங்க."

சாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு இடியப்பம் குறைவாக வந்தது. உம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன கா, அஞ்சு பேருக்கு நாலு பேர்ட இடியப்பம்?" என்று கேட்டார்.

"கணக்குச் சரி ராத்தா. ஓம் எண்டு சொன்ன வாய்க்கு நான் அவிக்கல்ல."

ஒன்றரை வருடம் எனக்கு இடியப்பம் இல்லை. ஒரு நாள்கூட மறந்து கூடுதலாக வைக்கவில்லை.

அது எனக்கு. அதிபருக்கு வேறு. மர்சூக் சேரின் மனைவிக்கு மூட்டுவாதம். காலையில் அடுப்பு மூட்ட ஏலாது. வருடக்கணக்காக சாச்சியின் இடியப்பம்தான் அந்த வீட்டின் காலைச் சாப்பாடு. சாச்சி அந்த வாசலைத் தாண்டிப் போய்விடவில்லை. போயிருந்தால் மன்னித்ததாகிவிடும். ஒவ்வொரு காலையும் அங்கே நின்று, மற்ற வாசல்களைவிட உரத்து, "இடியப்போம்!" என்று கூப்பிடுவார். அதிபரின் மகன் மசூர் தட்டுடன் ஓடிவருவான்.

"இது செவிட்டுப் புள்ளட உம்மா அவிச்சது, மகன். ஒங்கட ஊட்டுக்குச் சரிவராது. நல்லாக் காது கேக்கிற ஆரும் அவிச்சா வாங்கித் தின்னுங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். இரண்டு வாரத்தில் தெருவே அந்த நேரத்துக்கு வேலிக்கரைக்கு வந்து நிற்கத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமைகளில் பெட்டிசம் எழுதினார். எங்கள் பகுதியில் உத்தியோகத்தர்மேல் கோபம் வந்தால் முறைப்பாடு எழுதி மேலிடத்துக்குப் பெட்டிசம் போடுவது வழக்கம்தான். பெயர் போடாமல், இடது கையால், அடுத்தவன் எழுதியது போல எழுதுவார்கள். சாச்சி பெயர் போட்டே எழுதினார், அரபு எழுத்தில். ஜும்ஆ தொழுகை முடியும் நேரத்துக்குத் தாளை மடித்து என்னிடம் கொண்டுவருவார். உறைக்கு மேலே கல்விக் கந்தோரின் முகவரியைத் தமிழில் எழுதுவது மட்டும் என் வேலை.

"சாச்சி, உள்ளுக்கும் நான் தமிழில எழுதித் தாறனே. அவங்களுக்கு இது வாசிக்கத் தெரியாதே" என்று ஒரு நாள் சொன்னேன்.

"ஒன்ட கையால என்ட கோவத்த எழுத ஏலா. நீ மர்சூக்க 'சேர்' எண்டு எழுதுவாய்."

உண்மைதான். எழுதியிருப்பேன்.

கந்தோரில் நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் உறையைத் திறந்த கிளாக்கர் அரபு எழுத்தைக் கண்டதும் ஏதோ ஓதல் என்று நினைத்துப் பியோன் அச்சிமுகம்மதுவிடம் கொடுத்தார். அச்சிமுகம்மதுவுக்குக் குர்ஆன் பார்த்து ஓதத் தெரியும். அரபு எழுத்தில் தமிழை வாசிக்கத் தெரியாது. ஓதிப் பார்த்தார். விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் பெரிய விஷயம் என்று நினைத்தார். அரபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் போடவும் மனம் இல்லை. முத்தமிட்டு, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அலுமாரிக்கு மேலே வைத்தார். அடுத்த வெள்ளி இன்னொன்று வந்தது. அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று. ஒவ்வொரு வாரமும் தவறாமல் வருவதைப் பார்த்து, எவரோ ஒரு பெரியவர் கந்தோருக்கு பரக்கத்துப் பெருகட்டும் என்று அனுப்புகிறார் என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கட்டுக்குச் சாம்பிராணி காட்டத் தொடங்கினார். சாச்சியின் சாபங்களுக்கு ஒன்றரை வருடம் சாம்பிராணிப் புகை கிடைத்தது.

அந்த ஒன்றரை வருடமும் நதீரா வீட்டில் இருந்தாள். அவளுக்குத் தமிழைத் திரும்பக் கொடுத்தவர் பாண்டிருப்புக் கனகேஸ்வரி டீச்சர். விசேட கல்வியில் பயிற்சி எடுத்துவிட்டு, அப்படி ஒரு வகுப்பே இல்லாத பாடசாலையில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். இடியப்பம் வாங்கும்போது கதை கேட்டு, "பின்னேரத்தில கூட்டி வாங்க, பார்ப்பம்" என்றார். கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லி, சொல் சொல்லாகத் திருப்பி எடுத்தார். எழுதவும் பழக்கினார். ஆறு மாதத்தில் நதீரா எங்கள் எல்லோருடைய வாயையும் திரும்ப வாசித்தாள். தெருவில் பெண்கள் தூரத்தில் நின்று குசுகுசுத்தால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும். வேலிக்கரையில் யார் என்ன சொல்கிறார்கள் என்று சாச்சி அறிந்துகொள்ள அது நன்றாக உதவியது.

ஆனால் பெயர் இடாப்பில் இல்லை. பெயர் இல்லாமல் வகுப்பில் இருக்க ஏலாது, சோதனை எழுத ஏலாது. கனகேஸ்வரி டீச்சர் வீட்டில் எவ்வளவு படித்தாலும் அரசாங்கத்தின் கண்ணில் அவள் பள்ளிக்கூடம் போகாதவள்.

1981 மார்ச்சில் சாச்சி பொறுமை இழந்து என்னையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்கே போனார். நல்லரெத்தினம் என்ற அதிகாரி இருந்தார். காரைதீவுக்காரர். பெட்டிசமா, எந்தப் பெட்டிசம் என்று கேட்டார். சாச்சி அறையைச் சுற்றிப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே வெள்ளைத் துணிக் கட்டு.

"அதென்ன அது?"

"அது ஓதல், உம்மா. தொடாதீங்க, கைகால் கழுவி வுளூ எடுக்காம" என்றார் அச்சிமுகம்மது.

சாச்சி ஸ்டூலை இழுத்து ஏறிக் கட்டை இறக்கினார். மேலே இருந்த தாளைப் பார்த்தார். "என்ட எழுத்து!" என்று கத்தினார். "காக்கா, இதுக்கு நீங்க சாம்பிராணியா போட்டீங்க? இதில நான் மர்சூக்குக்குப் பேதி வரணுமெண்டு எழுதியிரிக்கன்!"

அச்சிமுகம்மது கதவோரம் போய் நின்றுகொண்டார். அதிகாரி, "வாசியுங்க தங்கச்சி, கேட்பம்" என்றார். சாச்சி நின்றபடியே வாசித்தார்.

"கல்விக் கந்தோர் துரைக்கு ஸுலைஹா எழுதிக்கொள்வது. பஸ் நிலையத்தில வெச்சு மர்சூக்குக்கு நான் கேட்ட துஆவ இத்தால் வாபஸ் எடுத்துக்கிறன். அந்தக் கூலி அவருக்குப் போய்ச் சேராம நீங்களும் பாத்துக்கொள்ளணும்."

அதிகாரி சிரித்தார். அடுத்ததில் அதிபரின் பேனை மை வற்ற வேண்டும் என்று இருந்தது. அதற்கடுத்ததில் அவர் செருப்புக்குள் மழைத்தண்ணீர் நிற்க வேண்டும். பத்தாவதற்கு வந்தபோது அதிகாரி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "இந்த வெள்ளிக்கிழமையும் என்ட புள்ள ஊட்டிலதான். மர்சூக்குட மூணு புள்ளைகளும் பள்ளிக்கூடத்தில." இந்த வரி எல்லாத் தாளிலும் இருந்தது. எழுபத்தொரு தாள்.

விசாரணை வைத்தார்கள். மர்சூக் சேர் கோப்புடன் வந்தார். தாய் தானே கேட்டு விடுகைப் பத்திரம் வாங்கியதாக அதில் எழுதியிருந்தது. கீழே சாச்சியின் அரபு ஒப்பம். 'சக மாணவியின் முறைப்பாடு' என்று என் பெயர்.

"இதை நீங்கதானே சொன்னது, மகள்?" என்று அதிகாரி கேட்டார்.

"சேர்ட மேசையில பிரம்பு இருந்திச்சு. பயத்தில சொன்னன். இடைஞ்சல் இல்ல. அவள் போனதுக்குப் பிறகு எனக்குக் கணக்கே வரல்ல."

மர்சூக் சேர் சுவரைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனையை வைத்துவிட்டுச் சாச்சியிடம் சொன்னார்:

"தங்கச்சி, பிழை நடந்திருக்கு. எனக்கு விளங்குது. ஆனா இப்படிப்பட்ட பிள்ளையை வகுப்பில வைக்காட்டிக் குற்றம் எண்டு சொல்லுற சட்டம் நம்மட நாட்டில இல்ல. சாதாரண வகுப்பில சேர்த்துப் படிப்பிக்க அதிபர்மாருக்கு அனுமதி இருக்கு, கட்டாயம் இல்ல. அரசியலமைப்பில பாகுபாடு கூடாதெண்டு ஒரு பட்டியல் போட்டிருக்கு. இனம், மதம், மொழி, சாதி, ஆண், பெண். செவிடு எண்டு சொல்லல்ல. அதுக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போறதெண்டா ஒரு மாதத்துக்குள்ள போயிருக்க வேணும். இப்ப ரெண்டு வருஷம்."

"நான் ஒரு மாசத்துக்குள்ள எழுதினனே."

"அலுமாரிக்கு மேல எழுதினீங்க."

அதிபர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. அதிபர் விரும்பவில்லை. வெளியே வந்து சைக்கிளில் ஏறும்போது மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார். தேவையில்லாத மணி. வீதியில் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஐந்து பேரின் இடியப்பம் வந்தது. எனக்கு அது போதும். சாச்சிக்குப் போதாது. அவர் பெட்டிசம் எழுதுவதை நிறுத்தினார். அதிபரின் வாசலில் நின்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

1982இல் மர்சூக் சேருக்கு ஹஜ்ஜுக்குப் போக வாய்த்தது. எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார். ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று. மனிதருக்குச் செய்த அநியாயத்தை மனிதர் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. மர்சூக் சேர் தாடி வளர்த்து, எல்லா வாசலுக்கும் போனார். சாச்சியின் வேலியைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிப் போனார்.

சாச்சிக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த நாளிலிருந்து கூடையை இறக்கும் ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்: "மர்சூக் ஒங்கட ஊட்ட வந்தாரா கா? வந்தாரா? ஆ, நல்லது. என்ட ஊட்ட வரல்ல. எனக்கிட்டக் கேக்க வெக்கமாக்கும். எனக்கென்ன, நான் பொருத்தம் குடுக்கல்ல. அவ்வளவுதான்."

ஐம்பது சதத்து இடியப்பத்தோடு இந்தச் செய்தியும் ஊர் முழுக்கப் போனது. மூன்றாம் நாள் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் முகைதீன்பாவா வந்துவிட்டார்.

"ஸுலைஹா, ஒரு மனிசன்ட ஹஜ்ஜுக்குக் குறுக்கால நிக்காத புள்ள. பாவம்."

"நான் எங்க நிக்கிறன்? அவர்தான் என்ட புள்ளட வாங்கில ஏறி நிக்கிறார். எறங்கச் சொல்லுங்க."

"என்ன வேணுமெண்டு சொல்லு."

"அவள்ட பேர அவர்ட கையால எழுதணும். பள்ளிக்கூடத்தில வெச்சு. நான் பாக்க."

"கந்தோர் சொல்லியே செய்யல்லியே அவர்?"

"கந்தோருக்கு அவர் மறுமையில பதில் சொல்லத் தேவல்ல."

வியாழக்கிழமை போனோம். சாச்சி தெருப் பெண்கள் பதினைந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். மறுநாள் கொழும்புக்குப் பயணம் என்பதால் அதிபரின் அறையில் வாழ்த்துச் சொல்ல வந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். மர்சூக் சேர் யாரையும் பார்க்கவில்லை. சேர்விடாப்பைத் திறந்தார். 'இப்றாஹிம் பாத்திமா நதீரா' என்று எழுதினார். புதிய இலக்கம் போட்டார். சாச்சிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாததால் நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, "சரி சாச்சி" என்றேன்.

"இப்ப பொருத்தமா, ஸுலைஹா?"

"எனக்கிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க? எனக்கா செய்தீங்க? அவள்ட்டக் கேளுங்க."

நதீராவுக்குப் பன்னிரண்டு வயது. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மர்சூக் சேர் ஜன்னல் பக்கம் பார்த்து ஏதோ சொன்னார்.

"முகம் தெரியல்ல" என்றாள் நதீரா.

அவர் திரும்பினார். திரும்பவும் சொன்னார்.

"தாடி மறைக்கி."

பெண்களில் யாரோ சிரித்து வாயைப் பொத்தினார்கள். மர்சூக் சேர் எழுந்து வந்தார். அவளுக்கு முன்னால் கிடந்த சின்னப் பிள்ளைகளின் வாங்கில் இருந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. தாடி மீசையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, அவளுடைய கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"நான். பிழை. செய்திட்டன். பொருந்திக்கொள்ளுங்க. மகள்."

அவர் அவளிடம் முகத்தைக் காட்டிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. நதீரா அந்த வாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"யோசிச்சுச் சொல்லுறன்."

"மகள், நாளைக்குப் பயணம்."

"எனக்கு மூணு வருசம் போச்சு" என்றாள் நதீரா. வகுப்புக்குப் போய், முதல் வாங்கில், ஜன்னல் பக்கம் இருந்துகொண்டாள். அவளைவிட மூன்று வயது குறைந்த பிள்ளைகளுடன்.

மர்சூக் சேர் பதில் இல்லாமலே மக்காவுக்குப் போனார். ஹாஜியாராகத் திரும்பி வந்தார். எல்லோரும் போய்க் கைகொடுத்து முஸாபஹா செய்தார்கள், சம்சம் தண்ணீர் குடித்தார்கள். சாச்சி போகவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு இடியப்பம் கொடுத்தார். பெயர் எழுதிய கைக்கு, அவ்வளவுதான். நதீராவைத் தெருவில் காணும்போதெல்லாம் மர்சூக் ஹாஜியார் நின்று முகத்தை நேராகத் திருப்புவாராம், அவள் ஏதும் சொல்லக்கூடும் என்று. அவள் ஸலாம் சொல்லிவிட்டுப் போவாள்.

நான் 1986இல் வெளிநாடு போனேன். குவைத், பிறகு அம்மான், பிறகு சைப்பிரஸில் லிமசோல். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள் என்று உம்மா சொல்வது சரி. போன இடமெல்லாம் மற்றவர்களின் மொழியில் வாயைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்தேன். எட்டு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

1989 ஒகஸ்ட்டில் ஊர் திரும்பினேன். நான் வந்து மூன்று வாரத்தின் பின், எனக்குப் பின்னாலேயே மூன்று நாடு அலைந்துவிட்டு ஒரு கடிதம் வந்தது. உறையில் நாலு முத்திரை, வெட்டி வெட்டி எழுதிய மூன்று முகவரி. நதீரா 1988 மே மாதம் எழுதியது. அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள சகோதரி, நான் சுகம். உம்மா சுகம், கூடையை இன்னும் விடவில்லை. சோதனையில் ஆறு பாடம் சித்தி. பெறுபேற்றுத் தாளில் பாடசாலைப் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. உம்மா அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டா.

மர்சூக் ஹாஜியார் போன செவ்வாய்க்கிழமை மவுத். மய்யித்தை எடுப்பதற்கு முன் மகன் மசூர் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். வாப்பா கடைசி இரண்டு நாளும் என்னைத்தான் கேட்டாராம். நதீரா யோசிச்சு முடிச்சாளா என்று. மசூர் என் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார். உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

நான் சொன்னது இதுதான். பேரை வெட்டினார், திரும்ப எழுதிவிட்டார். அதற்குப் பொருத்தம். எட்டு மாதம் நான் வாய் விளங்காமல் இருந்ததற்கும், மூன்று வருடம் ஜன்னலால் பள்ளிக்கூடம் பார்த்ததற்கும் பொருத்தம் இல்லை. அதை மறுமைக்கு வைத்திருக்கிறேன். மசூர் அழுதார். 'அங்க என்ன செய்யப் போறீங்க?' என்று கேட்டார். அங்கே எனக்குக் காது கேட்கும்தானே, வாப்பாவை வந்து சொல்லச் சொல்லுங்கள், கேட்கிறேன் என்றேன்."